கரி ஊரில் ஒரு கார்க் கணக்கு

நெய்வேலிக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். "நிலக்கரி ஊர் என்றார்களே, கரியைக் காணோமே?" என்று. எங்கு பார்த்தாலும் மரங்கள், அகலமான வீதிகள், வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்புகள்!

கரியைப் பார்க்கச் சுரங்கத்தின் கரைக்குப் போக வேண்டும். அங்கே சக்கரத்தில் வாளிகளைப் பொருத்திய ராட்சத இயந்திரங்கள் மண்ணை வெட்டிக் கொண்டேயிருக்கின்றன. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று கிடைத்ததே இத்தனைக்கும் ஆரம்பம். 1957-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் இங்கே மின்சாரம் பிறந்தது.

மின்சாரம் பிறக்கும் ஊரில் மின்சாரக் கார் ஆசையும் பிறக்காதா? அத்தானுக்குப் பிறந்துவிட்டது! அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். வரப்போகும் பணத்தில் இப்போதே ஒரு கார் வாங்கிவிடலாம் என்று துடிக்கிறார். அக்காவுக்கோ, மீண்டும் வராத பணமாயிற்றே என்ற கவலை.

"டாட்டா டியாகோ மின்சாரக் கார் 2022-ல் வந்தபோதே எட்டரை லட்சத்தில் கிடைத்தது. எம்.ஜி. காமெட் அடுத்த வருஷம் எட்டு லட்சத்துக்குள் வந்தது. 2024 முதல் காமெட்டின் பாட்டரியை வாடகைக்கும் எடுக்கலாம். காரின் விலை ஐந்து லட்சம், பாட்டரிக்குக் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் என்று ஆரம்பித்தார்கள்" என்றார் அத்தான்.

"வீட்டை வாங்கிவிட்டுக் கூரைக்கு வாடகை கொடுப்பதா?" என்றாள் அக்கா. பால் கணக்கு நோட்டு வெளியே வந்தது.

மின்சாரம் யூனிட் எட்டு ரூபாய் என்றும், ஒரு யூனிட்டில் ஏழு கிலோமீட்டர் ஓடும் என்றும் வைத்துக் கொண்டாள். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்ச் சொச்சம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், பதினாறு கிலோமீட்டர் ஓடும் என்றால் ஆறு ரூபாய்ச் சொச்சம். ஆக, மிச்சம் ஐந்து ரூபாய்.

"பார்த்தாயா!" என்றார் அத்தான்.

"பொறுங்கள். கடைத்தெரு, கோயில், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து இந்த ஊரில் நாம் தினம் பத்துக் கிலோமீட்டர் போவோமா? வருஷத்துக்குப் பதினெட்டாயிரம்தான் மிச்சம். அதே மாதிரிப் பெட்ரோல் காரைவிட மூன்று லட்சம் அதிகம் கொடுத்தால், அதை எடுக்கப் பதினாறு வருஷம் ஆகும்!"

அத்தான் வாயடைத்துப் போனார். பக்கத்திலேயே எல்லாம் இருக்கும் ஊரில் மின்சாரக் காருக்குத் தூரம் ஒரு கஷ்டமேயில்லை. ஆனால், தூரம் போகாத காருக்கு லாபமும் இல்லை!

அக்கா அதோடு நிறுத்தவில்லை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து பண்ருட்டியில் சொந்த வீட்டுக்குப் போகிறார்கள். கடலூரில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் மகளும் அங்கே வந்துவிடுவாள். போகவர தினம் ஐம்பது கிலோமீட்டர், வருஷத்துக்குப் பதினைந்தாயிரம். மிச்சம் எழுபத்தையாயிரம். நாலே வருஷத்தில் மூன்று லட்சமும் வந்துவிடும். சொந்த வாசலில் இரவில் சார்ஜ் போட்டால் சின்ன பாட்டரியே போதும். தினம் ஐம்பது கிலோமீட்டருக்குப் பெரிய பாட்டரிக்கு லட்சக்கணக்கில் கொட்டுவானேன்?

"அப்படியானால் கார் உண்டு?" என்றார் அத்தான், பள்ளிப் பிள்ளை மாதிரி.

"உண்டு. ஆனால் பண்ருட்டியில், மகளுக்காக!"

சாயங்காலம் புகைபோக்கிகளைப் பார்த்துக் கொண்டு நின்றோம். வீதியில் புகை விடாத காருக்கும் புகை இங்கே கொஞ்சம் போகத்தான் செய்கிறது. இந்தச் சுரங்கத்துக்காக ஊரையும் வயலையும் விட்டுப் போன குடும்பங்கள் எத்தனையோ! "யூனிட் என்பது சும்மா வருவதில்லை" என்று சொல்லிக் கொண்டே அக்கா வீட்டுக்குத் திரும்பினாள். போனதும் முதல் காரியமாக, ஆளில்லாத அறையில் எரிந்த விளக்கை அணைத்தாள்.