முனிர்காவும் மூவர் ஏறும் ஸ்கூட்டரும்

பழைய கிராமத்தின் சந்துகளும் புதிய குடியிருப்பின் மாடிகளும் தோள் உரசி நிற்குமிடம் முனிர்கா. தெற்கே ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். வடக்கே வெளிவட்டச் சாலையைக் கடந்தால் ராமகிருஷ்ணபுரத்து மலைமந்திர். கிருத்திகை மாலைகளில் நம்மவர் பலர் குடும்பத்தோடு அங்கே ஸ்கூட்டரில் செல்வதைக் காணலாம். தந்தை ஓட்டுவார், முன்னே குழந்தை நிற்கும், பின்னே தாய் ஒருபுறமாகக் கால்களைத் தொங்கவிட்டு, மடியில் பூக்கூடையுடன் அமர்ந்திருப்பாள்.

சட்டம் இக்காட்சியை ஏற்பதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, ஓட்டுநரைத் தவிர ஒருவரே செல்லலாம். அவரும் ஓட்டுநருக்குப் பின்னுள்ள இருக்கையில்தான் அமர வேண்டும். மீறினால் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிமத் தடையும் என்று 2019-இல் திருத்தினார்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரின் உடலோடு வார்ப்பட்டையால் பிணைத்து, 40 கிலோமீட்டர் வேகத்துக்குள் செல்ல வேண்டும் என்று 2022-இல் விதி வகுத்தார்கள். முனிர்காச் சந்துகளில் நாற்பது என்பது கனவிலும் எட்டாத வேகம்! 2014 முதல் டில்லியில் சீக்கியர் நீங்கலாகப் பெண்களுக்கும் தலைக்கவசம் கட்டாயம். மல்லிகைச் சரத்தின் கதி என்னவென்று விதி வகுத்தோர் எண்ணியிரார்.

ஆயினும் சேலையை அவர்கள் மறந்துவிடவில்லை. பின்சக்கரத்தில் பாதியேனும் மறைக்கும் காப்பும், கைப்பிடியும், கால்மிதியும் இருத்தல் வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு விதிகளில் 123-ஆவது. நாம் 'சாரி கார்டு' என்பது அதுவே. மக்கள் எவ்வாறு அமர்கின்றனர் என்று பார்த்து எழுதிய விதி அது.

இதற்கு நேர்மாறானது இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் 2013-இல் நடந்தது. லோக்சுமாவே நகரத்தில், பெண்கள் பின்னிருக்கையில் இருபுறமும் கால் போட்டு அமரலாகாது என்று நகர நிர்வாகம் ஆணையிட்டது. ஒருபுறமாக அமர்ந்தவர் சமநிலை இழப்பது எளிது என்பதைவிட, பார்ப்பவர் கண்ணுக்கு எது அடக்கமாகத் தோன்றும் என்பதே அங்கே பெரிதாயிற்று.

நம் விதிகள் அவ்வகையைச் சேர்ந்தவையல்ல. திடீரெனப் பிரேக் பிடித்தால் முன்னே நிற்கும் குழந்தையே முதலில் கைப்பிடியில் மோதும். குறை வேறிடத்தில் இருக்கிறது. மூவரும் ஸ்கூட்டரில் செல்லாதீர் என்பது எளிது. மாதச் சம்பளக்காரன் ஒவ்வொரு முறையும் ஆட்டோ வாடகை கொடுப்பது எளிதன்று. 2018 முதல் முனிர்காவிலேயே மெட்ரோ நிலையம் இருப்பது ஓர் ஆறுதல். குடும்பத்தோடு கிளம்பும் நாளில் ஸ்கூட்டர் வாசலிலேயே நிற்கட்டும். மல்லிகையும் நசுங்காது.