ஆகாயத்தில் ஒரு மார்கழி

கட்டுநாயக்காவில் விமானத்தினுள் ஏறியமரும் பிரயாணி முதலில் அனுபவிப்பது குளிரையன்று, புழுக்கத்தையே. திறந்த கதவுகளினூடே கடற்கரை ஈரக்காற்று புகுந்துவிடும். பெரிய இயந்திரங்கள் இயங்காத அவ்வேளையில் வாலிலுள்ள சிறு துணை இயந்திரமோ, தரையில் நிற்கும் குளிரூட்டும் வண்டியோதான் காற்றூட்ட வேண்டும்.

நாம் இலண்டனுக்குச் சென்றபோது கூரையோரமாக வெண்படலமொன்று சுருண்டு வழிந்தது. யன்னலோர ஆசனத்திலிருந்த பருத்தித்துறை அம்மையார், “தம்பி, புகையெல்லோ வருகுது!” என்று பதறினார். புகையன்று, நம்மூர் ஈரக்காற்றிற் குளிர்காற்றுப் பட்டதால் உண்டான பனிமூட்டமே அது. சிறிது நேரத்தில் மறைந்தது.

மேலே 35,000 அடியில், வெளியே பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 54 செல்சியஸ் பாகை. ஆயினும் பெரும்பாலான விமானங்களில், இயந்திரத்தினுள் அமுக்கப்பட்டு 200 பாகையளவிற் கொதிக்கும் காற்றையே எடுத்து, ஆற்றித் தணித்து உள்ளே அனுப்புகின்றனர். உறைகுளிரின் நடுவே காற்றைக் குளிர்விக்க வேண்டியிருப்பது வேடிக்கையன்றோ! 2011இல் சேவைக்கு வந்த போயிங் 787 இவ்வழக்கத்தை விட்டு, மின்சார அமுக்கிகளைக் கொண்டு வெளிக்காற்றை எடுக்கின்றது.

அக்காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் நூற்றுக்கு 20க்கும் குறைவு. தோலின் ஈரம் விரைந்து உலர்வதால், வெப்பமானி 23 பாகை காட்டினும் உடலுக்கு அதனினும் குளிராகவே தோன்றும். மேலிருந்து வரும் காற்று சுவரோரமாகத் தரைமட்டத்தில் வெளியேறுவதால், யன்னலோரத்தவரின் பாதங்களே முதலில் விறைக்கும். தள்ளுவண்டியோடு ஓயாது நடமாடும் பணியாளருக்கு இதமாயிருப்பது, அசையாது உறங்குபவருக்கு மார்கழியாகின்றது.

நடுநிசியில் அம்மையார் சேலையாற் பாதங்களைச் சுற்றிக்கொண்டு நடுங்கினார். முதன்முறையாகப் பேரப்பிள்ளையைக் காணச் செல்பவர். “மணி அடிச்சால் என்ன நினைப்பினமோ, தம்பி” என்றார். நம் மூத்தோரின் இக்கூச்சத்தை நாம் மெச்சுவதில்லை. விமானத்தின் உட்காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்கு ஒப்பானது. நுவரெலியாவிலிருந்து பீதுருதலாகலை உச்சியை நோக்கி ஏறும் வழியில் அமர்ந்திருப்பது போன்றது. அங்கே பிராணவாயு குறைவு. நடுங்கும் உடலுக்கோ அது கூடுதலாகத் தேவை. முதியவர்களைத் தனியே வழியனுப்பும் பிள்ளைகள், பணியாளரை அழைக்கும் பொத்தான் எதுவென்பதை முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று.

அதனை நாமே அழுத்தினோம். இன்னுமொரு கம்பளி வந்தது. எம் பகுதியின் வெப்பமும் சிறிது உயர்த்தப்பட்டது. யன்னல் ஆசனத்தை நாம் எடுத்துக்கொண்டோம். நல்லவேளையாகக் காலுறை அணிந்திருந்தோம்.