எண் சொல்வதும் சொல்லாததும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்கால இரவில், நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் தீக்காயமுற்று மருத்துவமனையில் கிடக்கிறார் என்று ஆள் வந்தது. சமையல் எரிவாயு கசிந்திருந்ததை அறியாமல் அவர் விளக்கைப் போட்டிருக்கிறார். நாம் போய்ச் சேர்ந்தபோது, கட்டுகளுக்கு நடுவே அவருடைய கண்கள் மட்டுமே தெரிந்தன. வாசலில் நின்ற அவர் மனைவி, "பிழைச்சிடுவாரா சாமி?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார். விடை அறியாத நாம் மருத்துவரிடம் சென்றோம்.

அவர் ஒரு கூட்டல் கணக்கைச் சொன்னார். வயது 42, வெந்த உடற்பரப்பு நூற்றுக்கு 50, ஆக 92. பிரான்சு நாட்டு மருத்துவர் செர்ஜ் போ 1961-இல் வகுத்த கணக்கு அது. புகையால் சுவாசப்பாதையும் புண்பட்டிருந்தால் 17-ஐயும் கூட்டுவதுண்டு. அந்நாளில் தொகை நூறை எட்டினால் பிழைப்பது அரிது என்றிருந்தனர். சிகிச்சை வளர்ந்துள்ள இந்நாளில் அந்த எல்லை உயர்ந்திருக்கிறது.

"ஆனால் ஃபாதர், இந்தக் கணக்கு முதல் நாளோடு முடிந்துவிடும். பிறகு உடம்பு எப்படிப் போராடுகிறது என்பதை இரத்தம்தான் சொல்லும்" என்றார் அவர்.

அவர் விளக்கியது இது: நம் குருதியில் ஆல்புமின் என்னும் புரதம் 100 மில்லிலிட்டருக்கு மூன்றரை முதல் ஐந்து கிராம் வரை இருக்கும். இரத்தக் குழாய்களுக்குள் நீரைப் பிடித்துவைப்பது பெரும்பாலும் அதுவே. பெருந்தீக்காயத்தில் நுண்குழாய்கள் கசிய, ஆல்புமின் வெளியேறிவிடுகிறது. கல்லீரலோ ஆபத்தை உணர்ந்து, ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு, சி-ரியாக்டிவ் புரதம் போன்ற போர்க்காலப் புரதங்களைப் பெருக்குகிறது. முன்னது மிகத் தாழ்ந்தும் பின்னது இறங்காமலும் நின்றால் கவலைக்கிடம்.

ஐந்தாம் நாள் நம்மவருக்கு ஆல்புமின் 1.8 என்றனர். அதைக் கேட்டதும் நாம் ஒரு பிழை செய்தோம். முடிவு நெருங்கிவிட்டதென்று நாமே தீர்மானித்து, பிள்ளைகளை அழைத்துவரச் சொன்னோம். அவர்கள் கண்ணாடிக்கு அப்பால் வரிசையாக நின்று அழுதனர். அவர் பார்த்தார், புரிந்துகொண்டார். மறுநாள் பாலையும் முட்டையையும் தொடவில்லை.

மருத்துவர் நம்மைத் தனியே அழைத்தார். "நாங்கள் அந்த அளவைப் பார்ப்பது போராடுவதற்கு, நீங்கள் அதை வழியனுப்பும் சீட்டாக்கிவிட்டீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். அவர் உண்ணாவிட்டால் என்ன செய்வது?" என்றார். நாம் தலைகுனிந்தோம். அன்று முதல் மாலைதோறும் அவர் அருகில் அமர்ந்து, கரண்டி கரண்டியாகப் பால் ஊட்டினோம். முதல் இரு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தார்.

தோலொட்டு சிகிச்சைகள் பலவற்றுக்குப் பின், ஒன்பதாம் வாரம் அவர் வீடு திரும்பினார். விரல்கள் இன்னும் முழுமையாக மடங்குவதில்லை. அடுத்த கட்டிலில் இருந்த முதியவரோ, இவரைவிட நல்ல எண்களோடு இருந்தும், மாண்டுபோனார்.

அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தீக்காயத்திலிருந்து பிழைத்தோர், மாண்டோர் ஆகிய இரு சாராரின் குருதிப் புரதங்களையும் ஒப்பிட்டு, முடிவை முன்னறியும் வழி தேடினர். யாருக்கு மிகுந்த கவனிப்புத் தேவை என்பதை முன்கூட்டியே அறிவது பெரும் நன்மைதான். ஆனால் எண் சொல்வது இத்தகைய நூறு பேரில் எத்தனை பேர் என்பதை மட்டுமே. நம் முன் கிடப்பவர் அவர்களுள் யார் என்பதை அது சொல்லாது.

அன்பர்களே, நோயுற்றவரைக் காணச் செல்லும்போது எண்ணைக் கேட்டறிவதில் தவறில்லை. அதை நம் முகத்தில் எழுதிக்கொண்டு அவர் முன் போய் நிற்க வேண்டாம். கையில் ஒரு கரண்டியோடு செல்வோம்.