கத்திக்குக் கீழே இதயம்

ஜப்பானின் இகா நகரில் திரும்பிய பக்கமெல்லாம் நிஞ்சாக்கள். அசல் வித்தையோ கண்ணில் படாமல் இருப்பது

மலைகள் சூழ்ந்த இகாவுக்குள் நுழையும் குட்டி ரயிலின் முகப்பில் இரண்டு பெரிய கண்கள் முறைக்கின்றன. வரைந்தவர் பிரபல காமிக்ஸ் ஓவியர் லெய்ஜி மட்சுமோட்டோ. ஊரின் முக்கிய ரயில் நிலையத்துக்கு 2019 முதல் 'நிஞ்சா நகர்' என்று செல்லப்பெயர். ஹைக்கூ கவிஞர் பாஷோ 1644இல் பிறந்த மண் இது. ஆனால் வரும் கூட்டம் கவிதைக்காக வருவதில்லை.

கோட்டைப் பூங்காவில் இருக்கிறது நிஞ்சா அருங்காட்சியகம். வெளியே பார்த்தால் சாதாரணக் கூரை வேய்ந்த பண்ணை வீடு. உள்ளே, வழிகாட்டிப் பெண் சுவரில் சாய்கிறார். சுவர் சுழல்கிறது, ஆளைக் காணோம். தரைப்பலகையின் ஓரத்தை மிதித்தால் பலகை எழும்பி, அடியில் ஒளித்துவைத்த வாள் கைக்கு வருகிறது. குழந்தைகள் கைதட்டுகிறார்கள்.

சினிமா சொல்லிக்கொடுத்த நிஞ்சா வேறு, வரலாற்று நிஞ்சா வேறு. கறுப்பு உடை நாடக மேடையும் ஓவியங்களும் பரப்பிய கற்பனை. நிஜ உளவாளி விவசாயியின் உடையில் திரிந்தார். அல்லது துறவி, வியாபாரி, கூத்தாடி என்று ஏதாவது ஒரு வேஷத்தில். நட்சத்திர வடிவ எறி ஆயுதத்தோடு பிடிபட்டால் கதை முடிந்தது. இடுப்பில் அரிவாள் இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். 'நீர்ச்சிலந்தி' என்ற வட்ட மரப்பலகையைக் காலில் கட்டித் தண்ணீர்மேல் நடந்தார்கள் என்பதும் கட்டுக்கதை. சதுப்பு நிலத்தைக் கடக்கவோ, உட்கார்ந்து மிதக்கவோ அது பயன்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இந்தக் கலை இகாவிலும் மலைக்கு அப்பால் உள்ள கோகாவிலும் வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. பலமான பிரபு யாரும் இல்லாத பகுதி இது. சிறு நிலக்கிழார் குடும்பங்கள் கூடித் தங்களைத் தாங்களே ஆண்டன. எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்குத் தந்திரமே கோட்டை. 1579இல் ஓடா நோபுனாகாவின் மகன் நடத்திய படையெடுப்பை விரட்டியடித்தார்கள். 1581இல் நோபுனாகாவின் பெரும்படை வந்தது; இகா எரிந்தது. மறு ஆண்டு நோபுனாகா இறந்ததும், ஆபத்தில் சிக்கிய டொக்குகாவா இயெயாசு இதே மலைப்பாதை வழியாக உயிர் தப்ப உதவியவர்கள் இகா வீரர்கள். பின்னாளில் அவர் நாட்டையே ஆண்டபோது இவர்களுக்குக் காவல் வேலை கிடைத்தது. அவர்களின் தலைவர் ஹட்டோரி ஹான்சோவின் பெயரை டோக்கியோ அரண்மனையின் ஒரு வாயில் இன்றும் தாங்கி நிற்கிறது.

அமைதி நீடித்தது. வித்தைக்கு வேலை இல்லாமல் போனது. அந்தக் காலத்தில்தான், 1676இல், இகாவின் ஃபுஜிபயாஷி குடும்பத்தவர் ஒருவர் 'பான்சென்ஷுகாய்' என்ற பெருநூலைத் தொகுத்தார். பூட்டுத் திறப்பது, வெடிமருந்து கலப்பது, வானிலை கணிப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது முதலில் பேசுவது நேர்மையான மனத்தைப் பற்றி. சுயலாபத்துக்குப் பயன்படுத்தினால் இந்த வித்தைக்கும் திருட்டுக்கும் வித்தியாசமில்லை. நிஞ்சா என்ற சொல்லின் முதல் எழுத்தே கத்திக்குக் கீழே இதயம், பொருள், பொறுத்தல்.

2020 ஆகஸ்டில் ஒரு நள்ளிரவில் இந்த அருங்காட்சியகத்தில் புகுந்த திருடர்கள், பத்து லட்சம் யென்னுக்கு மேல் இருந்த 150 கிலோ பெட்டகத்தைச் சில நிமிடங்களில் தூக்கிச் சென்றார்கள். உலகப் பத்திரிகைகள் சிரித்தன.

உண்மையான இழப்பு வேறு. 'கடைசி நிஞ்சா' என்று பத்திரிகைகள் அழைக்கும் ஜினிச்சி கவாகாமி, ஆறு வயதில் பயிற்சியைத் தொடங்கியவர். மெழுகுவர்த்தித் திரியை மணிக்கணக்கில் உற்றுப்பார்ப்பது, ஊசி விழும் சத்தத்தைக் கேட்பது, பசியையும் குளிரையும் தாங்குவது என்று பாடங்கள். இன்றைய உலகுக்கு இந்த வித்தை பொருந்தாது என்று கூறி, வாரிசை நியமிக்கப்போவதில்லை என அறிவித்துவிட்டார்.

மறுபக்கம், மியே பல்கலைக்கழகம் 2017இல் நிஞ்சா ஆய்வு மையம் தொடங்கியது. மறு ஆண்டே முதுகலைப் படிப்பும் வந்தது. 2020இல் அதில் முதலில் பட்டம் பெற்றவர் வயலிலும் இறங்கினார். காலையில் விவசாயம், பிற்பகலில் பயிற்சி என்பதே இகாக்காரர்களின் வாழ்க்கை என்பது அவர் வாதம்.

ஏடுகள் இருக்கின்றன, படிக்க ஆட்களும் வருகிறார்கள். சிக்கல் ஏடுகளிலேயே இருக்கிறது. முக்கியமான கட்டம் வரும்போது பழைய நூல்கள் பல இடங்களில் நிறுத்திக்கொள்கின்றன. அங்கே எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'வாய்மொழியாகக் கேட்டறிக.'