தவிலுக்கு எத்தனை கலம் நெல்?

மதகடிப்பட்டில் இசைக் கல்லூரி கிடையாது. பொறியியல் கல்லூரி உண்டு, மருத்துவக் கல்லூரி உண்டு, செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச் சந்தை உண்டு. இசையில் பட்டம் வாங்க நினைக்கும் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு அரியாங்குப்பத்தில் அரசு நடத்தும் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. இன்னும் தெற்கே போனால் சிதம்பரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நான் மதகடிப்பட்டுக்குப் போனது இவை எதிலும் படிக்காத ஒரு தவில்காரரைப் பார்க்க. இசைக் கல்லூரி எதற்கு என்று கேட்க வேண்டுமானால், அதன் வாசலை மிதிக்காமல் தொழில் கற்றவரிடம் கேட்பதுதான் முறை என்று பட்டது.

போன அன்று சந்தை நாள். மூக்கணாங்கயிறும் சலங்கையும் பரப்பியிருந்தவர்களைத் தாண்டி, தெருவுக்குள் திரும்பினேன். திண்ணையில் உட்கார்ந்து ஸ்பேனரால் தவிலின் போல்ட்டை ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு முடுக்கு, ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கேட்பு.

"முன்னெல்லாம் தோல் வாரு தம்பி. இழுத்துக் கட்ட ரெண்டு ஆளு வேணும். இப்ப நட்டு போல்ட்டு வந்துடுச்சு, ஒண்டியா முடிச்சிடலாம்."

பலாமரத்தைக் குடைந்த கட்டை. வலந்தலை விறைப்பாக நிற்க வேண்டும், தொப்பிப் பக்கம் தளர்ந்து கனக்க வேண்டும். இடக்கையில் பூவரசங்கழி, வலக்கை விரல்களில் கூடு. அந்தக் கூட்டை அவரே செய்துகொள்கிறார். துணியைக் கிழித்து, சோற்றுப் பசை தடவி, விரல் அளவுக்குச் சுற்றிக் காயவிட்டால் கல்லாகிவிடும். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறதே என்றதற்கு, "அது அவன் வெரலுக்கு செஞ்சது" என்றார்.

பத்து வயதில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வித்வான் வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். முதல் வருடம் தவிலைத் தொடவே விடவில்லை. மரக்கட்டையில்தான் தத்தித் தொம் நம். விடியலுக்கு முன் சாதகம், பிறகு மாடு, தண்ணீர், கடைக்குப் போய்வருவது, ராத்திரி மறுபடி சாதகம். பாடம் முடிந்த பிறகும் சில வருடங்கள் குருவின் செட்டிலேயே சம்பளமில்லாமல் வாசித்திருக்கிறார். "சோறு போட்டாங்க. அடியும் போட்டாங்க. ரெண்டும் ஒட்டுச்சு" என்று சிரித்தார்.

இந்தக் குருகுலத்தை நினைத்து உருகுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தத் திண்ணையில் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்துவிட முடியாது. தொழில் எந்தக் குடும்பத்தில் இருந்ததோ அந்தக் குடும்பத்துப் பையன், அதிலும் பையன் மட்டும். மதுரை பொன்னுத்தாய் நாதசுரம் தூக்கியதை இன்றுவரை அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும்! 1929-இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கியதும், 1949-இல் சென்னையில் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு அரசு கருநாடக இசைக் கல்லூரி தொடங்கியதும் இந்தக் கதவைத்தான் தள்ளிப் பார்த்தன. விண்ணப்பப் படிவத்தில் குருவின் வீட்டு உறவு கேட்கப்படுவதில்லை. எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

கல்லூரி என்றதும் பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். "மணிக்கணக்கு பார்த்து வாசிச்சா கை எப்படித் தம்பி திரும்பும்? பெல் அடிச்சா எழுந்துடணுமாமே."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிக்கல் பெல்லில் இல்லை. பையனுக்குச் சோறு யார் போடுவது என்பதில் இருக்கிறது. இதற்கு வெளியூர் எங்கும் ஆதாரம் தேட வேண்டாம். மதகடிப்பட்டிலிருந்து புதுச்சேரி சாலையில் சில கிலோமீட்டர் கிழக்கே போனால் திரிபுவனை. அங்கே வரதராஜப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு, 1048-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஒரு கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது: 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். அத்தனை பேருக்கும் நெல் அளக்க நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கும் முன்பு, ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. இரண்டும் இசைக் கல்லூரிகள் அல்ல. வேதமும் இலக்கணமும் படித்த இடங்கள், உள்ளே போக முடிந்தவர்களும் ஒரு வகுப்பார் மட்டுமே. அதை மறைத்துப் பெருமை பேசுவதற்கில்லை. ஆனாலும் கல்லூரி என்றால் முதலில் நெல்லுக்கு வழி செய்வது என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

இசைக்கும் அப்படித்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களை ராஜராஜன் அமர்த்தினான். உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் சேர்த்து ஐம்பது பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். ஒருவர் இறந்தால் அவருடைய உறவினர் அந்த இடத்துக்கு வரலாம்; உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறு ஒருவரைப் பாட வைக்க வேண்டும் என்று கல்வெட்டிலேயே விதி இருக்கிறது. வாரிசுரிமையும் தகுதியும் மோதும் இடம் அன்றைக்கே தெரிந்திருக்கிறது! ஐரோப்பாவிலும் இசைக் கல்லூரிகளின் முன்னோடிகள் நேப்பிள்ஸ் நகரத்து அனாதை இல்லங்கள்தாம். பிள்ளைகளுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்த இடத்தில் பாட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸில் தங்கள் இசைக் கல்லூரியை அரசுச் செலவில் நிறுவியது 1795-இல். இங்கே அவர்கள் அப்படி ஒன்றும் வைக்கவில்லை என்பது வேறு கதை.

பேசிக்கொண்டிருக்கும்போதே பைக்கில் ஒரு பையன் வந்து இறங்கினான். எல்லைக்கு அந்தப் பக்கம், வளவனூர். விழுப்புரம் அரசு இசைப்பள்ளியில் தவில் மூன்றாம் ஆண்டு. அப்பா கொத்தனார், வீட்டில் யாரும் மேளம் தொட்டதில்லை. முகூர்த்த நாளில் பெரியவர் செட்டில் இரண்டாம் தவில் வாசிக்கிறான்.

தமிழ்நாட்டின் மாவட்ட இசைப்பள்ளிகளில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் சேர ஏழாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். நாதசுரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். கதவை அகலத் திறக்கத்தான் இந்த விதியைப் போட்டிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் தவில்காரனிடம் படிப்பை எதிர்பார்க்காத நம் பழைய பழக்கமும் அதற்குள் ஒளிந்திருப்பதாக எனக்கு ஒரு உறுத்தல். ஊக்கத்தொகை மாதம் 400 ரூபாய் என்று சேர்க்கை அறிவிப்புகளில் பார்த்திருக்கிறேன். ஒரு முகூர்த்தத்தில் பையனுக்குக் கிடைப்பது அதைவிட அதிகம். பிறகு யார் தாலி கட்டும் நாளில் வகுப்புக்குப் போவார்கள்?

"பள்ளிக்கூடத்துல அப்படி என்னதான் கத்துக்கிட்ட?" என்றேன்.

பையன் பதில் சொல்லாமல் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். கோர்வைகள். முப்பத்தைந்து தாளங்களையும் கட்டம் போட்டு எழுதி, பின்பக்கங்களில் சொற்கட்டுகளை அட்சரம் எண்ணி வரிசையாக நிரப்பியிருந்தான். அவற்றில் பாதிக்கு மேல் பெரியவருடையவை, அதாவது அவருடைய குருவினுடையவை. கல்யாண மண்டபத்தில் அவர் வாசிப்பதைப் போனில் பதிவு செய்து, வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்கிறான்.

பெரியவர் நோட்டை வாங்கி, கண்ணிலிருந்து எட்டப் பிடித்துப் பார்த்தார். "எனக்கு இதை எழுதத் தெரியாது தம்பி. கையில இருக்கு, வாயில இருக்கு. நான் போய்ட்டா போய்டும்னு நெனச்சிருந்தேன்." பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். "இங்க ஒரு தகிட அதிகமா போட்டிருக்கான் பாருங்க." பையன் எண்ணிப் பார்த்து, ஆமாங்கய்யா என்று திருத்தினான்.

கல்லூரி கையைத் தருவதில்லை என்று பெரியவர் சொன்னதை இப்போதும் ஒப்புக்கொள்கிறேன். கை கச்சேரியில்தான் வரும். கல்லூரி தரக்கூடியது எழுத்து, கணக்கு, பரம்பரை இல்லாதவனுக்கு ஒரு வாசல். ஆனால் பிழைப்புக்கு ஓடாமல் சாதகம் செய்யச் சில வருடங்களையும் அதுவே தர வேண்டும். முதல் மூன்றையும் ஓரளவு செய்துவிட்டோம். நான்காவதற்கு நெல் அளக்க இன்னும் யாரும் முன்வரவில்லை. பாடத்திட்டத்தை எத்தனை முறை திருத்தினாலும் இந்தக் கணக்கு நேராகாது.

சித்திரையில் ஒரு முகூர்த்த நாளும் பையனுடைய செய்முறைத் தேர்வும் ஒன்றாக வந்து நிற்கின்றன. மண்டபக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கியாயிற்று. பையன் தயங்கித் தயங்கி அதைச் சொன்னதும் பெரியவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, கோலியனூரில் யாரையோ போனில் பிடித்தார்.

"அன்னிக்கு ரெண்டாம் தவிலுக்கு நீ வந்துடு. பையனுக்குப் பரீட்சை. ரேட்டு அதேதான், கூடக் கேக்காத. வண்டிக்கு வேணா தனியா தரேன்."