அரைப்பங்கு

என் வள்ளத்தில் தொழிலுக்கு வந்த ஒருவனுக்கு வருத்தம் இருந்தது. நான் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்து, அவன் பங்கில் பாதியை எடுத்துக்கொண்டேன். அறியாமல் செய்துவிட்டேன் என்று எழுதினால் வாசிக்கிறவர்கள் மன்னித்துவிடக்கூடும். அறிந்துதான் செய்தேன்.

நான் மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் ஒரு சிறு சம்மாட்டி. மீன் விற்ற காசில் எண்ணெய், ஐஸ் செலவு போக, பாதி வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும். மற்றப் பாதியைத் தொழிலாளிகள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். கணக்குக் கொப்பி என்னிடம் இருக்கும். அதை யாரும் வாங்கிப் பார்த்ததில்லை.

அவன் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். தடித்த கழுத்து, அகன்ற நெஞ்சு. கனத்த வலையையும் தனியாளாக இழுப்பான். அப்படிப்பட்டவனுக்குப் பகல் நித்திரை தொடங்கியது. வலை படுத்துவிட்டுக் காத்திருக்கையில் எல்லாரும் கொஞ்சம் கண்ணயர்வதுதான். இவனுக்கோ நண்டு கழற்றிக்கொண்டிருக்கும்போதே தலை சாயும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே உறங்கிவிடுவான். கும்பகர்ணன் என்று அவனுக்குப் பட்டம் வைத்தவன் நான்தான்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. எண்ணெய்க் காசுகூடத் தேறாமல் கரைக்கு வந்த இரவுகள் பல. எங்கே குறைக்கலாம் என்று கொப்பியைப் புரட்டிய எனக்கு, உறங்கி விழுகிறவன் வசதியாக அகப்பட்டான். “பாதி நேரம் படுக்கிறவனுக்குப் பாதிப் பங்கு” என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு என்ன தெரிந்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். தொழிலுக்காகக் கரையில் தங்கும் வாடியில் அவனுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறேன். ஓலைக் கூரை அதிரக் குறட்டை விடுவான். அது நடுவில் சட்டென்று நிற்கும். வாய் திறந்திருக்கும், நெஞ்சும் வயிறும் எக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கே மூச்சு முட்டும். பிறகு ஒரு பெரிய திணறல், ஓர் இழுப்பு, மறுபடியும் குறட்டை. ராவு முழுக்க இதே கதை. முதல் தடவை பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தேன். விடிந்ததும் தேத்தண்ணி குடிக்கும்போது அதை நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

அவன் மனைவி ஒருநாள் என் வாசலுக்கு வந்தாள். “அண்ணன், இவர் ராவில மூச்சில்லாமக் கிடக்கிறார். தட்டித் தட்டி எழுப்புறன். விடிஞ்சா தலையிடி எண்டு சொல்றார். நீங்க சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போவார்” என்றாள். கிளினிக், சோதனை என்று போகத் தொடங்கினால் ஆள் குறையும் என்பதுதான் என் மனதில் முதலில் ஓடியது. “சோத்தைக் குறைக்கச் சொல்லு, தங்கச்சி” என்றேன். அதோடு விடாமல், அம்மாவின் டப்பாவிலிருந்து நித்திரைக் குளிசை கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன். ராவில் நன்றாகப் படுத்தால் பகலில் விழமாட்டான் என்பது என் வைத்தியம்.

அவன் வருத்தம் என்னவென்று பிறகுதான் ஒரு வைத்தியர் விளக்கினார். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளரும். கழுத்தில் கொழுப்புச் சேர்ந்தவர்களுக்கும், தாடை பின்வாங்கியவர்களுக்கும், உள்நாக்குப் பக்கம் சதை வீங்கியவர்களுக்கும் அந்தத் தளர்வில் மூச்சுக்குழாயின் மேல்வழி அடைத்துக்கொள்ளும். பத்து விநாடி, சிலருக்கு அதற்கும் மேலே காற்று நின்றுபோகும். இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும். மூளை அபாயத்தை உணர்ந்து உடம்பை உலுக்கும். அந்தத் திணறலில் வழி திறக்கும். மணிக்கு ஐந்து முறைக்கு மேல் இப்படி நேர்ந்தாலே வருத்தம். 30 ஐத் தாண்டினால் கடுமை. ராவு முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் அவனுக்கு உண்மையான நித்திரை கிடைக்கவேயில்லை. பகலில் விழுந்தது அதனால்தான். கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தமும் மாரடைப்பும் பாரிசவாதமும் வரக்கூடும் என்றார்.

குளிசையைப் பற்றிக் கேட்டேன். அந்த வகைக் குளிசையும் சாராயமும் தொண்டையை இன்னும் தளர்த்தும், மூளை விழித்துக்கொள்வதையும் தாமதமாக்கும் என்றார். அவனை ஒவ்வொரு முறையும் உயிரோடு மீட்டது அந்தத் திணறல். நான் கொடுத்தது அதை மந்தமாக்கும் மருந்து. கொடுத்தது நான் என்று அவரிடம் சொல்லவில்லை. “யாரோ கொடுத்திருக்கிறார்கள்” என்றேன்.

அந்தக் குளிசைக்கும் ஒரு கதை உண்டு. 1990 இல் யுத்தத்துக்குப் பயந்து தீவிலிருந்து சனம் வள்ளங்களில் இராமேசுவரத்துக்கு ஓடிய நாள்களிலிருந்து அம்மாவுக்கு நித்திரை போய்விட்டது. சின்னச் சத்தத்துக்கும் எழுந்து கதவைப் பார்ப்பா. குளிசை கிடைத்தது, ஆண்டுக்கணக்காக அதுவே தொடர்ந்தது. நாள்பட்ட நித்திரையின்மைக்கு முதல் வைத்தியம் மனப்பழக்கத்தையும் படுக்கைப் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சிதான். குளிசை அதற்குப் பிறகு, அதுவும் கொஞ்ச நாளைக்கு என்று அந்த வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன். நித்திரை வராத தாயின் மருந்தை, நித்திரையில் மூச்சு நிற்கிறவனுக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் இரண்டு வருத்தம் என்று கேட்டறிய எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஒரு விபத்து. மன்னார்ப் பட்டினத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது உறங்கி, வேலியில் மோதிக் காறை எலும்பு முறிந்தது. கட்டிலருகே நான் நிற்கையில் வைத்தியர் எட்டுக் கேள்விகள் கேட்டார். 1991 இல் மெல்பேணில் மருத்துவர் மரே ஜோன்ஸ் வெளியிட்ட பகல் நித்திரை அளவுகோலாம் அது. வாசிக்கும்போது உறங்குவீரா, பஸ்ஸில் போகும்போது உறங்குவீரா, ஒருவரோடு இருந்து கதைக்கும்போதே உறங்குவீரா? 24 க்குப் பத்தைத் தாண்டினால் சோதிக்கவேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் அவன் யோசித்தான். எனக்கு எல்லாப் பதிலும் தெரியும். அவன் மனைவி என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொழும்பில் ஓரிரவு உடம்பெல்லாம் வயர் பொருத்திச் சோதித்தார்கள். கடுமை என்றே முடிவு வந்தது. உடம்பைக் குறைக்கவேண்டும், சரிந்து படுக்கவேண்டும், குடியை விடவேண்டும். அதற்கு மேல், மூக்கில் முகமூடி பொருத்தி அழுத்தக் காற்றால் வழியைத் திறந்தே வைத்திருக்கும் சிபாப் இயந்திரம். சிட்னியில் கொலின் சலிவன் என்ற மருத்துவர் கண்டுபிடித்து 1981 இல் உலகுக்கு அறிவித்தது. அதற்கு முன் கடுமையானவர்களுக்குத் தொண்டையில் துளை போடுவதுதான் வழி. சார்ல்ஸ் டிக்கின்ஸ் தன் முதல் நாவலில் எந்நேரமும் உறங்கி விழும் ஒரு பருத்த பெடியனைச் சிரிப்புக்காகப் படைத்தாராம். 1956 இல் அமெரிக்க மருத்துவர்கள் அந்த நாவலின் பெயரிலேயே இதற்கு நெருங்கிய ஒரு வருத்தத்தை எழுதினார்களாம். உலகமே முதலில் சிரித்துத்தான் இருக்கிறது என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த நாவலை வாசித்துச் சிரித்தவர்கள் எவரும் அந்தப் பெடியனின் கூலியில் கை வைக்கவில்லை.

இயந்திரம் பூட்டிக் கொஞ்ச நாளிலேயே அவன் முகம் தெளிந்தது. தலையிடி நின்றது. ஆனால் வாடியில் தங்கும் தொழிலுக்கு இனி அவன் வரமுடியாது. எங்கள் தீவின் தென்கரையில் தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாலைகள் சுற்றுகின்றன. என் வாடிக்குக் கரண்ட் இல்லை. இப்போது பகல் தொழில்தான், வேறொருவரின் வள்ளத்தில்.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கூடுதல் வெட்கம். இயந்திரத்துக்கு இலட்சக்கணக்கில் காசு வேண்டியிருந்தது. ஊரில் சேர்த்தார்கள். பெரிய தொகை போட்டவன் நான். பூசை முடிந்து கோயில் வாசலில் பலரும் என் கையைப் பிடித்து, சம்மாட்டி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார்கள். தலையைக் குனிந்து, அடக்கமானவன்போல் கேட்டுக்கொண்டு நின்றேன். வீட்டில் கொப்பியை எடுத்து, அவன் பெயருக்கு நேரே அரைப்பங்கு என்று எழுதிய வரிகளைக் கூட்டிப் பார்த்தேன். நான் போட்ட தொகை அதைவிடக் குறைவு. பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொய், குடி எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்ல நா எழவில்லை.

பிறகு அவன் வீட்டுக்குப் போய்க் கொப்பியைக் காட்டி, மிச்சத்தைத் தவணையில் கொடுக்கத் தொடங்கினேன். “விடுங்க அண்ணன், அந்த நேரம் எல்லாருக்கும்தான் கஷ்டம்” என்றான். அன்று வள்ளத்தில் சிரித்த அதே சிரிப்பு. ஒரு முறை அதைச் சம்மதமாக எடுத்தவன், இன்னொரு முறை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளப் பயப்படுகிறேன். அவன் மனைவி ஒன்றும் சொல்லாமல் காசை எண்ணி வாங்கிக்கொண்டாள். அவள் செய்ததுதான் சரி.

ஊரில் இன்றும் என்னை, தொழிலாளிக்கு மெஷின் வாங்கிக் கொடுத்த சம்மாட்டி என்கிறார்கள். இதை எழுதுவது அதை நிறுத்தத்தான். கொடுத்தது அவன் காசு.