ஆடுபவர் இல்லாத ஸ்விங்

நியூயார்க்கில் ஸ்விங் இசையின் ஊற்றைத் தேடுபவர் ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவுக்குப் போனால், 140, 141ஆம் தெருக்களுக்கு நடுவே குடியிருப்புக் கட்டடங்களையும் 2002இல் திறக்கப்பட்ட ஒரு நினைவுப் பலகையையும்தான் பார்ப்பார். 1926 முதல் 1958 வரை சவாய் பால்ரூம் இருந்த இடம் அது. அங்கே மேடைகள் இரண்டு; ஒரு குழு இளைப்பாறும்போது மற்றொன்று தொடரும், ஆட்டம் நிற்காது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினார்கள் என்பது அக்கால அமெரிக்காவில் அபூர்வம். 1937 மே மாதம் நாடே கொண்டாடிய பென்னி குட்மனின் குழு அங்கே சிக் வெப்பின் குழுவோடு இசைப் போட்டியில் மோதியது. வெப் வென்றதாகவே சொல்லப்படுகிறது. தீர்ப்புச் சொன்னது ஆட வந்த கூட்டம். ஸ்விங்கை மீட்பதென்றால் அந்தக் கூட்டத்தையும் சேர்த்து மீட்க வேண்டும் என்பதே என் கட்சி.

பழைய இசைத்தட்டுகள் போதாதா என்று கேட்கலாம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் அடங்கும். தளம் சூடேறினால் அதே பாட்டு நீளும். சாக்ஸபோன்காரர்கள் ஒரு சிறு இசைத்துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்க, டிரம்பெட்டுகள் அதற்குப் பதில் சொல்லும். ஆடுபவரின் உதையை டிரம்மர் கண்ணால் பிடித்து அந்த இடத்தில் அடி வைப்பார். ஆடுபவரோடு நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் தட்டில் பதிவாகவில்லை. இசைக்குழுத் தலைவர் வின்ஸ் ஜியார்டானோ அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய இசையமைப்புகளைச் சேர்த்திருக்கிறார். அவருடைய நைட்ஹாக்ஸ் குழு பல்லாண்டுகளாக மன்ஹாட்டனின் உணவு விடுதிகளில் அவற்றை வாசித்துவந்தது. அங்கே மேசைகளுக்கு நடுவே கிடைக்கும் கொஞ்ச இடத்தில் ஜோடிகள் ஆடத் தொடங்கியதும், ஏட்டில் இருந்த இசைக்கு மறுபடியும் வேலை வந்துவிடும்.

காலம் போனதால் ஸ்விங் போயிற்று, இதை மீட்பது வெறும் ஏக்கம் என்பார்கள். காலம் மட்டுமே காரணமல்ல. இரண்டாம் உலகப் போர் இசைஞர்களைப் படைக்கு இழுத்தது; 1942இல் இசைஞர் சங்கம் ஒலிப்பதிவை நிறுத்தியது; 1944இல் நடனம் நடக்கும் விடுதிகள்மீது முப்பது சதவீத வரி விழுந்தது. அது பின்பு இருபதாகக் குறைந்தாலும், ஆடவிடாமல் உட்காரவைத்துக் கேட்கவைப்பதே விடுதிக்காரருக்கு லாபம் என்றானது. அங்கே பிறந்த புதிய ஜாஸ் பெரிய கலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆட்டம் தானாகச் சாகவில்லை. அதன் வயிற்றில் அடித்தார்கள். வயிற்றில் அடிபட்ட ஒன்றை மீட்பது ஏக்கமாகாது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: ஹார்லெமின் கறுப்பினத்தார் படைத்ததை இன்று பெரும்பாலும் வெள்ளையர் ஆடுகிறார்கள். ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ஹெராங் என்ற சிற்றூரில் கோடையில் நடக்கும் நடன முகாமைப் பார்த்தால் அது புரியும். சவாயின் பெரும் ஆட்டக்காரர் ஃபிராங்கி மேனிங் பல்லாண்டு அஞ்சல் ஊழியராக இருந்தார். 1980களில் இளம் ஆட்டக்காரர்கள் தேடி வந்தபிறகே மீண்டும் ஆசிரியரானார், ஹெராங்கிலும் கற்பித்தார். அவர் மனமுவந்து கொடுத்தார் என்பதால் கடன் தீர்ந்துவிடாது. கறுப்பினக் கலைஞருக்கு மேடையும் ஊதியமும் தராத, சவாயின் பெயரைச் சொல்லாத மீட்பு அரைகுறைதான். ஆகவே ஸ்விங் கேட்கப் பயணம் போகிறவர் நாற்காலி வரிசை போட்ட அரங்குக்குப் போகும் முன், தளம் காலியாக விடப்பட்ட கூடத்துக்குச் சீட்டு வாங்கட்டும்; வாசிப்பவர் யார், கற்பிப்பவர் யார் என்றும் விசாரிக்கட்டும்.